பெண்களாகச் சேர்ந்து ஊர் சுற்ற ஒரு குழு: மும்பையிலிருந்து சில யோசனைகள்

பயணக் குழு ஆரம்பிக்கப் போகிறேன் என்று யார் என்னிடம் வந்தாலும், எந்த ஊருக்குப் போகலாம் என்ற பேச்சை முதலில் ஒத்திப்போடச் சொல்வேன். ஊர் எங்கேயும் ஓடிவிடாது. யார் வீட்டில் விடமாட்டார்கள், யாரிடம் காசு இருக்காது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் மாத்தேரான், கோவா என்று திட்டம் போட்டால், குறித்த நாளில் ஸ்டேஷனில் நிற்பது திட்டம் போட்டவரும் அவருடைய தங்கையும் மட்டும்தான்.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு சயான் கோலிவாடாவில். பூர்வீகம், தாராவித் தமிழர்களில் பெரும்பாலோரைப் போலத் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் குழுவில் விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் அக்கா இருக்கிறார். வங்கி வேலையில் இருப்பவர், தையல்காரர், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், லண்டனில் மருத்துவமனை வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நர்ஸ் ஒருவர் எல்லாரும் இருக்கிறார்கள். இந்தக் கலவை தானாக அமைவதில்லை. வேண்டுமென்றே சேர்க்க வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது? தோழிகளை மட்டும் கூப்பிடாதீர்கள். ஏற்கனவே நெருக்கமாக இருக்கும் நான்கு பேர் ஆரம்பிக்கும் குழுவில் ஐந்தாவதாக வருகிறவர் கடைசிவரை விருந்தாளிதான். பழகிய முகம், ஆனால் பேர் தெரியாது என்ற நிலையில் இருக்கிறவர்களைத் தேடுங்கள். மும்பையில் அதற்கு லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியைவிட நல்ல இடம் கிடையாது. தினமும் ஒரே வண்டியில், ஒரே கதவருகே ஏறுகிறவர்கள், மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே மருமகள் கதை பேசுகிறவர்கள் ஏற்கனவே பாதிக் குழு. அவர்களை ஒரு முறை ரயிலுக்கு வெளியே சந்திக்க வைத்தால் போதும்.

அந்தச் சந்திப்பை யார் வீட்டிலும் வைக்காதீர்கள். வீட்டில் வைத்தால் வீட்டுக்காரி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார்; வந்தவர்களில் இருவர் உதவி செய்கிறேன் என்று உள்ளே போய்விடுவார்கள்; கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சோபாவின் விலையை மனத்துக்குள் கணக்குப் போடுவார்கள். ஒற்றை அறை வீட்டில் இருக்கிறவர் அடுத்த முறை தன் வீட்டுக்குக் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சத்திலேயே நின்றுவிடுவார். நாங்கள் மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸில் கூடுகிறோம். பூங்காவில் யாரும் யாருக்கும் விருந்து வைக்க வேண்டியதில்லை. கொஞ்ச தூரம் நடப்போம், உட்காருவோம், அவரவர் டீக்கு அவரவர் காசு.

நடப்பதை அற்பமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்காக மோர்கன் டிக்சன், வனெசா காரிசன் என்ற இரு தோழிகள் தொடங்கிய கேர்ள்ட்ரெக் என்ற அமைப்பு முழுக்க முழுக்க நடையின் மேல் கட்டப்பட்டது. நாளுக்கு அரை மணி நேரம், தன் தெருவில், அக்கம்பக்கத்துப் பெண்களோடு நட; அவ்வளவுதான் அழைப்பு. பணம் வேண்டாம், கருவி வேண்டாம், யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டாம். பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்க்காமல் பேச முடிகிறது. முகம் பார்த்துச் சொல்ல முடியாத பலதும் அப்போதுதான் வெளியே வருகின்றன. வகுப்பறையில் இத்தனை வருடம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், எதிரெதிரே உட்கார வைத்தால் பாதிப் பேர் வாயைத் திறக்கமாட்டார்கள்.

நர்ஸ் அக்கா சொன்னவை

கறுப்பினப் பெண்களின் குழுக்களைப் பற்றி எங்களுக்கு முதலில் சொன்னவர் நர்ஸ் அக்காதான். லண்டனில் அவரோடு வேலை பார்த்தவர்களில் ஜமைக்கா வம்சாவளிப் பெண்கள் பலர். அவர்கள் சேர்ந்து விடுமுறைக்குக் கிளம்புகிற அழகைப் பார்த்து வியந்துபோய்த் தானும் தேடிப் படித்திருக்கிறார். அதில் எங்களுக்குப் பயன்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் ஒரு கைப்புத்தகம் வெளியிடத் தொடங்கினார். கறுப்பினத்தவர் காரில் கிளம்பினால் எந்த ஓட்டலில் சாப்பாடு போடுவார்கள், எங்கே படுக்க இடம் தருவார்கள், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்ற பட்டியல் அது. இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் தெருவில் நிற்கவே கூடாத ஊர்கள் இருந்த காலம். ஓட்டல் கிடைக்காத ஊர்களில் தங்கள் வீட்டு அறையைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டவர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்களுடைய முகவரிகள் அந்தப் புத்தகத்தில் வரிசையாக இருக்கும். கிரீன் 1960-இல் இறந்த பிறகு அவருடைய மனைவி ஆல்மா அதைத் தொடர்ந்தார். 1964-இல் இப்படி ஒதுக்கி வைப்பதைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. 1966-67 பதிப்போடு புத்தகம் நின்றது.

புத்தகம் நின்றாலும் தேவை நிற்கவில்லை. 2011-இல் ஈவிடா ராபின்சன் தொடங்கிய நோமட்னஸ் டிராவல் டிரைப் போன்ற குழுக்கள் அதே வேலையை வேறு விதத்தில் செய்கின்றன. எந்த ஊரில் சுருள்முடியைப் பின்னிவிடத் தெரிந்தவர் இருக்கிறார், எந்த விமான நிலையத்தில் சோதனை என்ற பேரில் தலைமுடிக்குள் கை விடுகிறார்கள், எந்தத் தெருவில் முறைத்துப் பார்க்கிறார்கள் என்பதைப் பொதுவான பயண நூல் எதுவும் சொல்லாது. போய்வந்த இன்னொரு கறுப்பினப் பெண்தான் சொல்ல முடியும். நோமட்னஸில் சேரப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையாவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். அது அவர்களுக்குச் சரி. எங்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. நாங்கள் அதைத் தலைகீழாக்கினோம்: இதுவரை எங்கும் போகாதவருக்கே முதல் இடம்.

அவர்கள் பட்டது வேறு, நாம் பட்டது வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் நமக்காக எழுதப்படாத உலகத்தில் நாமே நமக்குக் குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டும் என்ற வேலைமுறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டு

ஆகவே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். கைபேசி வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் எங்களில் சிலருடைய கைபேசி மகனிடம் இருக்கும், சிலருடையது கணவரிடம். நோட்டு யார் கைக்கும் போகும். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதட்டும்.

காட்சி அழகாக இருந்தது, மனம் குளிர்ந்தது என்றெல்லாம் அதில் எழுதுவதற்குத் தடை. இட்லி அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிய ஒரு குறிப்பு இது: ‘மலை அடிவாரத்தில் இடது பக்கம் இரண்டாவது டீக்கடை. கடைக்கார அம்மா நல்லவர். கடைக்குப் பின்னால் அவர் வீட்டுக் கழிவறை. வாளி உண்டு, தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் வெளியே காவல் நிற்க வேண்டும். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். ஆளுக்கொரு டீ குடித்துவிடுங்கள். படிக்குக் கைப்பிடி பாதி தூரம்தான். அதற்கு மேல் முட்டிவலிக்காரர் வேண்டாம்.’ எந்தப் பயண நூல் இதைச் சொல்லும்?

கழிவறையைப் பற்றி எழுதக் கூச்சப்படாதீர்கள். ஆண்களுக்கு இலவசமாக இருக்கும் சிறுநீர்க் கழிப்பிடத்தில் பெண்களிடம் மட்டும் காசு வாங்குகிறார்கள் என்று 2011-இல் இந்த நகரத்தில்தான் பெண்கள் ‘ரைட் டு பீ’ (சிறுநீர் கழிக்கும் உரிமை) என்ற இயக்கமே நடத்தினார்கள். பயணத்துக்கு முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. கழிவறை எங்கே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிம்மதியாகக் குடிப்பார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி என்று உட்காரவும் மாட்டார்கள்.

சிவப்பு மையிலும் குறிப்புகள் உண்டு. ஒரு லாட்ஜில் எல்லாருடைய ஆதாரையும் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆண்கள் யாரும் வரவில்லையா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த லாட்ஜின் பேர் எங்கள் நோட்டில் சிவப்பில் இருக்கிறது. இரவு தங்குவதாக இருந்தால், முன்பணம் கட்டுமுன் தொலைபேசியில் ‘நாங்கள் பெண்கள் மட்டும் வருகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் எத்தனை நொடி மௌனம் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பணம்

குழுவிலேயே குறைந்த வருமானம் உள்ளவரால் எவ்வளவு முடியுமோ அதுதான் மாதத் தொகை. வசதி உள்ளவர் கூடுதலாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். கூடுதல் போட்டவருக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று தோன்றும், அது இயல்பு. எல்லாருக்கும் ஒரே தொகை, ஒரே வகுப்பு, ஒரே சாப்பாடு.

சீட்டுப் பிடிப்பது நமக்குப் புதிதல்ல. மராத்தியர் இங்கே பிஷி என்பார்கள். நர்ஸ் அக்காவின் ஜமைக்காத் தோழிகள் அதை பார்ட்னர் என்பார்களாம், டிரினிடாடில் சூசூ. இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்துக்கு வந்த கரீபியக் குடும்பங்களுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தபோது, இந்தச் சீட்டுப் பணத்தில்தான் பலர் வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். வாரந்தோறும் போடுகிறவர்கள், கையில் வாங்கி வைத்திருக்கும் ஒரு நம்பகமான பெண்மணி, முறைவைத்து ஒருவருக்கு மொத்தத் தொகை. நம் குலுக்கல் சீட்டேதான்.

ஆனால் ஊர் சுற்றும் பணத்தையும் சீட்டையும் நான் கலக்கவிடமாட்டேன். சீட்டு எடுத்தவர் அதை மகள் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டிவிடுவார், கட்டத்தானே வேண்டும்? பயணப் பணத்துக்குத் தனியாகத் தபால் நிலையத்தில் கூட்டுக் கணக்குத் தொடங்குங்கள். மூன்று பேர் வரை சேர்ந்து தொடங்கலாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். மூவரும் மூன்று வேறு தெருக்காரர்களாக, முடிந்தால் மூன்று வேறு சாதிக்காரர்களாக இருப்பது நல்லது. எதற்கு என்று கேட்பவருக்கு நம் ஊர்ச் சங்கங்களின் கணக்கு வழக்கு தெரியாது என்று பொருள்.

கிளம்புவது

முதல் பயணம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்புவதாக இருக்க வேண்டும். கான்ஹேரி நல்ல ஆரம்பம். போரிவலியில் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட குகைகள், மழை நீரைப் பிடித்து வைக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகள், கொடை கொடுத்தவர்களின் பேர் சொல்லும் கல்வெட்டுகள். கொடை கொடுத்தவர்களில் பிக்குணிகளும் குடும்பப் பெண்களும் உண்டு. திங்கட்கிழமை திறக்கமாட்டார்கள், எலிஃபண்டாவும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால், பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் எந்தத் தடத்தில் என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஹார்பர் தடத்தில் பிளாக் இருக்கும் நாளில் செம்பூர்க்காரரையும் மான்கூர்த்காரரையும் காலை பத்து மணிக்கு மேல் தாதருக்கு வரச் சொன்னால், அவர்கள் வந்து சேரும்போது மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருப்பார்கள்.

மகாராஷ்டிராவுக்குள் எஸ்.டி. எனப்படும் அரசுப் பஸ்ஸில் 2023 மார்ச் முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். 75 வயதைக் கடந்தவர்களுக்கு டிக்கெட்டே கிடையாது. எங்கள் பயணங்கள் பெருகியதற்கு இந்தச் சிவப்பு பஸ்தான் காரணம் என்று கூசாமல் சொல்வேன். நீண்ட ரயில் பயணத்துக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. அது தனியாகப் போகிறவருக்கும் பெண்கள் மட்டுமே இருக்கும் குழுவுக்கும் பொருந்தும். ஓர் ஆணைச் சேர்த்துவிட்டால் போச்சு. 45 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் அது ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருக்கும்போதுதான். முட்டிவலிக்காரர்களை ஆறு பேரோடு சேர்த்துப் போடாமல் இருவர் இருவராகப் போடுங்கள். ரயிலில் ஏதாவது தொல்லை என்றால் 139. மற்ற இடங்களில் 112. மும்பைக்குள் பெண்களுக்கென்று காவல்துறையின் 103. இவற்றை நோட்டின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’

இந்தப் பதில் வந்தால் அந்தப் பெண்ணைக் கேலி செய்யாதீர்கள். ‘காலம் எங்கேயோ போய்விட்டது, இன்னும் கேட்கிறாயா’ என்று சொன்னால் அவர் அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டார். குழுவில் மூத்தவர் ஒருவர் நேரே வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம். எந்த வண்டி, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யாருடைய எண்ணில் பிடிக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். தகவல் சொல்லப் போன மாதிரிதான் இருக்க வேண்டும். மாமியார் இருந்தால் அவரையும் அழைத்துவிடுங்கள். வந்தால் குழு பெருகும்; வராவிட்டால் தடை நீங்கும். எங்கள் குழுவில் இப்போது மாமியார்கள்தான் அதிகம் ஆடுகிறார்கள்.

போகிற வழியில் கோயில் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்லா குகைக்குப் போனால் வாசலிலேயே கோலி மக்களின் ஏக்வீரா தேவி இருக்கிறாள். இல்லாத கோயிலை மட்டும் உண்டாக்காதீர்கள். பொய் ஒருத்தி வீட்டில் உடைந்தால் எல்லார் வீட்டுக் கதவும் சேர்ந்து மூடும்.

சாப்பாட்டில்தான் சாதி எட்டிப் பார்க்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘எனக்கு வயிறு சரியில்லை, வீட்டிலிருந்து கொண்டு வந்ததே போதும்’ என்பார்கள். ஆனால் அந்த வயிறு குறிப்பிட்ட ஒருவருடைய டப்பா திறக்கும்போது மட்டும் சரியில்லாமல் போகும். எங்கள் ஏற்பாடு எளிது. எல்லா டப்பாவும் நடுவில் விரித்த துணியின் மேல் வரும், மூடிகள் ஒரு பக்கம் அடுக்கப்படும், யாருடையது எது என்று கேட்கக் கூடாது. கறி சாப்பிடாதவருக்குத் தனிக் கரண்டி, அதில் தகராறு இல்லை. இதற்கு ஒத்துவராத இருவர் நின்றுகொண்டார்கள். நிற்கட்டும். அவர்களைத் தாஜா செய்து கூட்டி வந்திருந்தால், தாராவியிலிருந்து வரும் பெண்கள் ஒவ்வொருவராக நின்றிருப்பார்கள், காரணமும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பெண்கள் மட்டும் எதற்கு என்று ஆண்கள் கேட்பார்கள். கறுப்பினப் பெண்களிடமும் உங்களுக்கென்று தனிக் குழு எதற்கு என்று கேட்காதவர் இல்லை. அவர்கள் சொல்லும் பதிலை நர்ஸ் அக்கா சொன்னார்: அங்கேயாவது எதையும் யாருக்கும் விளக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இவ்வளவு நயமாகச் சொல்வதில்லை; நீங்கள் வந்தால் உங்களுக்கு டீ யார் வாங்கி வருவது என்று கேட்டுவிடுவேன். பையன்கள் விஷயத்தில் ரயில்வேயின் கணக்கே எங்களுக்கும்: பெண்கள் பெட்டியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களை ஏற்றலாம்; அதற்கு மேல் அப்பாவோடு வீட்டில் இருக்கட்டும்.

படம் எடுப்பதற்கு ஒரே விதி. அருவியில் நனைந்தவள், தலைவிரித்துப் படுத்தவள், சுடிதார் போட்டுக்கொண்ட பாட்டி யாருடைய படமும் அவரவர் சம்மதமில்லாமல் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது.

கொஞ்சம் பழகிய பிறகு முருட்-ஜஞ்சிராவுக்குப் போங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த சித்தி என்ற இனத்தார் கடலுக்கு நடுவே வைத்திருந்த கோட்டை. அந்தச் சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு சேரும்வரை அவர்கள் வம்சத்தின் ஆட்சியில்தான் இருந்தது. மராத்தியர் எவ்வளவோ முயன்றும் அதைப் பிடிக்க முடியவில்லை. கறுப்பினத்தவர் என்றால் அமெரிக்கா என்று மட்டும் நினைத்திருந்த எங்கள் கல்லூரிப் பெண்கள், ராஜ்புரியில் படகு ஏறும்வரை இதை நம்பவில்லை. அங்கிருந்து பாய்மரப் படகில் போகலாம். மழைக்காலத்தில் படகு கிடையாது. கோட்டைக்குள் நிழலும் குறைவு, வசதியும் குறைவு. நோட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. இரவு தங்கும் முதல் பயணமாக இதை வைத்துக்கொள்வது நல்லது, ஒரே நாளில் போய்வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

திரும்பும் வண்டியிலேயே கணக்கை முடித்துவிடுங்கள். யார் ஆட்டோவுக்குக் கொடுத்தார், யார் மோர் வாங்கினார் என்பது மறுநாள் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. ஆனால் தான் கொடுத்தது மட்டும் அவரவருக்கு மறக்காது. அடுத்த தேதியையும் அப்போதே குறித்துவிடுங்கள், வண்டி குர்லாவைத் தாண்டுவதற்குள். குர்லாவில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு சேர்ந்து முடிவெடுக்க எல்லாரையும் பிடிக்கவே முடியாது.